தண்ணீர்ப் பந்தலில் எழுதிய பெயர்

தன்னலமின்மை என்னும் சொல் தமிழில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கட்டுரைகளிலும் மேடைகளிலுமே குடியிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் எந்தப் பாட்டியும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "அந்த மனுஷருக்குத் தனக்கென்று ஒன்றும் தெரியாது" என்பார்கள். "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினாள்" என்பார்கள். கோயிலோடு சேர்ந்த காரியமாக இருந்தால், "அவர் தொண்டு செய்கிறார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தன்னலமின்மை என்பது ஒரு மனநிலை. அதுவும் ஒன்று இல்லாமல் இருக்கும் நிலை. இல்லாத ஒன்றை எங்கிருந்து செய்யத் தொடங்குவது? தொண்டு என்பதோ வேலை. அதற்குத் துடைப்பம் வேண்டும், குடம் வேண்டும், பூத்தொடுக்க நார் வேண்டும். காலை 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மனம் தூய்மையாகிவிட்டதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்க வேண்டும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

இச்சொல்லுக்குப் பழந்தமிழில் வேறு பொருள்களும் இருந்தன. ஒன்பது என்னும் எண்ணுக்குத் தொண்டு என்று பெயர். தொல்காப்பியத்திலேயே அந்த ஆட்சி உண்டு. பழமை என்ற பொருளும் உண்டு. பேரப்பிள்ளைகள் இன்றும் "தொண்டு கிழம்" என்று சொல்லிக் கேலி செய்கிறார்களே, அது இந்தத் தொண்டுதான். கோயில் பிராகாரத்தில் விடியற்காலையில் நீர் தெளித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் இரண்டு பொருளிலும் அப்பெயருக்கு உரியவர்களாகவே இருக்கிறார்கள்.

ஆனால் சைவ வைணவப் பெரியோர் எடுத்தாண்ட பொருள் இவை அல்ல. அவர்கள் கையில் தொண்டு என்றால் அடிமைத் தொழில். தொண்டர் என்றால் அடிமையானவர். இன்றைய காதுக்கு இது உறுத்தலாக இருக்கும். கைங்கரியம் என்னும் வடசொல்லும் இதே வழியில் வந்ததுதான். கிங்கரன் என்றால் ஏவல் செய்பவன். 'நான் என்ன செய்யட்டும்' என்று கேட்டு நிற்பவன் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வர். எனக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லாத கேள்வி.

அடிமை என்ற பொருள் எவ்வளவு நேரடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதற்குச் சுந்தரர் வரலாறே சான்று. புத்தூரில் திருமணப் பந்தலில் சுந்தரர் அமர்ந்திருந்த வேளையில் கிழ அந்தணர் ஒருவர் வந்து, இவன் வழிவழியாக எனக்கு அடிமை, இவன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்று வழக்கிட்டார். சினம் கொண்ட சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப் போட்டார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் முன் அது வெளியே வந்தது. பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒத்திருந்தது. தீர்ப்பு கிழவர் பக்கம் ஆயிற்று. நகலைக் கையில் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்த அந்த முன்யோசனையை, பத்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த எந்த வங்கி அலுவலரும் மெச்சாமல் இருக்க முடியாது. வழக்கில் வென்ற கிழவர் கோயிலுக்குள் சென்று மறைந்தார். வந்தவர் யார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த வழக்கில் தோற்ற சுந்தரருக்குக் கிடைத்த பெயர்தான் கவனிக்கத்தக்கது. வன்தொண்டர் என்பது அது. இறைவனோடு வன்மையாகப் பேசினார், வாதாடினார், ஏசினார், ஓலையைக் கிழித்தார். அத்தனைக்கும் பிறகு 'தொண்டர்' என்னும் பட்டம் அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. அவர் செய்த வன்மை அந்தப் பட்டத்துக்கே அடைமொழியாகிவிட்டது. பின்னாளில் திருவாரூரில் இருந்துகொண்டு அடியார்கள் ஒவ்வொருவருக்கும் தாம் அடியார் என்று திருத்தொண்டத்தொகை பாடியவரும் இவரே. அதை வித்தாகக் கொண்டு நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாட, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துப் பெருநூலாக்கினார். நாம் பெரிய புராணம் என்று அழைக்கும் அந்நூலுக்கு அவர் கொண்ட பெயர் திருத்தொண்டர் புராணம்.

அந்நூலுக்குள் புகுந்து பார்த்தால் தொண்டு எத்தனை கைகளில் எத்தனை வடிவம் எடுத்தது என்பது தெரியும். காஞ்சிபுரத்து வண்ணார் ஒருவர் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தே திருக்குறிப்புத் தொண்டர் ஆனார். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வணிகர், விளக்கெரித்தார். கண் பார்வை இல்லாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தூர் எடுக்க விரும்பி, குளத்துக்குள்ளும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண் சுமந்தார். இவர்களில் எவரும் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு தொண்டு செய்யவில்லை. தெரிந்த வேலையை, கைக்கு எட்டிய இடத்தில் செய்தார்கள்.

இன்று இச்சொல் வெகுதூரம் நடந்து வந்துவிட்டது. கட்சியில் சேர்ந்தவர் தொண்டர். பதிவு பெற்ற அறக்கட்டளை தொண்டு நிறுவனம். சிங்கப்பூரில் பொதுப்பணிக்குத் தாமாக முன்வருபவரைத் தொண்டூழியர் என்கிறார்கள். இவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொற்கள் வளர்வது இயல்பு. நன்கொடைக்கு ரசீது கேட்பதும், வருமான வரியில் கழிவு பெறுவதும் சட்டம் தந்த உரிமைதான். ஆயினும் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட ஒன்றைத் தொண்டு என்று சொல்லும்போது நாக்கு சற்றே தயங்கினால் நல்லது. நன்கொடை என்ற அழகான சொல் இருக்கிறது, அதையே சொல்லலாம்.

கோயில் சுவர்களில் 'உபயம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இல்லை. குழல்விளக்கின் மேல் சிவப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடையின் பெயர் எல்லாம் எழுதி, வெளிச்சம் வர விரலளவு இடம் விட்டிருப்பார்கள். இதைப் பற்றிய கேலிகள் ஏராளம். உண்மையில் இதை முழுக்கவும் கேலி செய்துவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றை மட்டுமல்லாமல், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். அது பெருமைக்காக மட்டும் அன்று. கொடுத்த பொருள் காணாமல் போகாதிருக்க, பின்வருவோர் கணக்குக் கேட்க, அந்த எழுத்து காவலாக நின்றது. பெயர் எழுதுவதில் பிழை இல்லை. பெயர் விட்டுப்போனால் மனம் என்ன பாடு படுகிறது என்பதில்தான் சோதனை இருக்கிறது.

காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். அங்குள்ள சிவாலயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை விளக்குகளைத் தேய்ப்பது எழுபதைக் கடந்த ஓர் அம்மையாரின் வழக்கம். புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைப்பார். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக நடந்து வந்த பணி. குடமுழுக்கு முடிந்து, திருப்பணியில் உதவியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழா ஏற்பாடாயிற்று. நீளமான பட்டியல். இரண்டு வாரம் மட்டும் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர்கூட அதில் இருந்தது. இவர் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டது அன்று, மறதிதான். ஆனால் 20 ஆண்டுகளாகக் கண்முன் இருந்தவரை மறப்பது சாதாரண மறதியா?

அம்மையார் எதுவும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆறு வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை மாலை, மடைப்பள்ளியில் வேலை செய்யும் இளைஞன் ஒரு குத்துவிளக்கோடு வாசலில் வந்து நின்றான். சமாதானம் பேச வரவில்லை. அவனுக்கு அந்தக் கதையே தெரியாது. "பாட்டி, இந்தக் கழுத்து வளையத்துக்குள்ளே பிசுக்குப் போகவே மாட்டேங்குது. நீங்க எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டான். அவர் தென்னை ஈர்க்கில் துணியைச் சுற்றிக் காட்டிக் கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை; அவரே போய்விட்டார்.

மனக்குறை தீர்ந்ததா என்றால் தீரவில்லை. இன்றும் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் வாடத்தான் செய்கிறது. மகளிடம் இரண்டு முறை சொல்லி அழுதிருக்கிறார். இத்தனை ஆண்டு கோயிலுக்குப் போயும் இந்த எண்ணம் போகவில்லையே என்று தம்மையே நொந்துகொள்கிறார். வயதானவர்களில் பலர் இப்படி இரட்டைத் துன்பம் படுகிறார்கள்: மதிக்கப்படாத துன்பம் ஒன்று, அதற்காக வருந்துகிறோமே என்ற துன்பம் மற்றொன்று. முதலாவது இயற்கை. இரண்டாவது, தன்னலமின்மை என்ற அந்தப் பெரிய சொல்லை அளவுகோலாக வைத்துக்கொள்வதால் வருவது. தொண்டு என்ற சொல் அவ்வளவு கடுமையானதன்று. ஓலையைக் கிழித்தவருக்கே அதில் இடம் இருந்தது. முகம் வாடியவாறே விளக்குத் தேய்ப்பவருக்கு இல்லாமல் போகுமா?

கையால் செய்யும் வேலைக்குப் பெரியோர் கொடுத்த மதிப்புக்குத் திருவீழிமிழலையில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். பஞ்ச காலம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு அவ்வூரில் தங்கியிருந்தார்கள். இருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருளினார் இறைவர். அதைக் கடைத்தெருவில் மாற்றிப் பண்டம் வாங்கி இரு மடங்களிலும் அடியார்களுக்கு அமுது படைத்தனர். சில நாள் சென்றபின் சம்பந்தர் ஒன்றைக் கவனித்தார்: நாவுக்கரசர் மடத்தில் உணவு நேரத்துக்கு ஆகிவிடுகிறது, தம் மடத்தில் தாமதம். விசாரித்தால், இவர் காசுக்கு வணிகர்கள் வாசி கேட்கிறார்களாம். அதாவது வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார்கள். அதில் பேரம் பேசி நேரம் போகிறது. நாவுக்கரசர் காசுக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

கொடுத்தவர் ஒருவரே, காசில் ஏன் வேற்றுமை? நாவுக்கரசர் கைத்தொண்டு செய்பவர், அதனால் அவர் பெற்றது மாசற்ற காசு என்று புராணம் காரணம் சொல்கிறது. பாட்டு இருவரும் பாடினார்கள். உழவாரம் பிடித்துப் புல் செதுக்கியவர் ஒருவர். சம்பந்தர் இதைக் கேட்டுப் பொறாமை கொள்ளவில்லை. வாசி நீங்கப் பதிகம் பாடிக் குறையற்ற காசு பெற்றார். அந்தப் பாடலும் இன்று கோயில்களில் ஓதப்படுகிறது. பொருள் முடை தீர அதை நாள்தோறும் ஓதுவோர் உண்டு. ஓதும்போது, காசில் பிடித்தம் வராமல் இருந்ததன் காரணம் புல் செதுக்கிய கை என்பதும் நினைவுக்கு வந்தால் நன்று.

கோயிலுக்கு வெளியிலும் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. நாவுக்கரசரின் தமக்கை திலகவதியார், தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்தார். தம்பியின் பொருட்டு அந்தத் துணிவைக் கைவிட்டு உயிர் தாங்கினார். திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தது அதற்குப் பின்னர். முதல் தொண்டு வீட்டுக்குள்தான் நடந்தது. பக்கவாதத்தில் படுத்த கணவருக்கு மூன்று வேளையும் உணவு ஊட்டி, படுக்கை மாற்றி, இரவில் இரண்டு முறை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று அவர்கள் வருந்துகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தொண்டு என்பது தான் செய்வதற்கு வைத்துக்கொள்ளும் பெயர். மற்றவர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு, "அவள் செய்வது தொண்டல்லவா, புண்ணியம் அவளுக்கே" என்று திண்ணையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். மூன்று மருமகள்களில் ஒருத்தி மட்டும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள, மற்ற இருவரும் தொலைபேசியில் அவளைப் புகழ்ந்துகொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் புகழ்ச்சியில் வாசி நிறைய.

திருவையாற்றுக்கு அருகே உள்ள திங்களூருக்கு இன்று பலரும் போவது சந்திரன் தலம் என்பதற்காக. பரிகாரம் முடித்து அர்ச்சனைத் தட்டோடு திரும்பிவிடுகிறார்கள். அது அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊரும்கூட.

திருப்பழனத்தை வணங்கிவிட்டு அவ்வழியே வந்த நாவுக்கரசர், குளிர்ந்த நிழலோடு ஒரு தண்ணீர்ப் பந்தலைக் கண்டார். எங்கு பார்த்தாலும் அதில் 'திருநாவுக்கரசு' என்று எழுதியிருந்தது. கேட்டால், பந்தல் மட்டுமல்ல. சாலை, குளம், சோலை எல்லாமே அந்தப் பெயரில்தான் இருக்கின்றன என்றார்கள். செய்தவர் அப்பூதி என்னும் அந்தணர். அவர் நாவுக்கரசரைக் கண்டதே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி. வீட்டில் பிள்ளைகளுக்கும் அதே பெயர். பசுவுக்கும் அளக்கும் படிக்கும் தராசுக்கும்கூட அதே பெயர்.

நாவுக்கரசர் நேரே அவர் வீட்டுக்குச் சென்றார். நீங்கள் செய்த தருமத்தில் உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது என்ன காரணம் என்று கேட்டார். அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லைத் தெப்பமாகக் கொண்டு கடலில் கரையேறியவரின் பெருமையை அறியாத நீர் யார் என்று சீறினார். தம் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கு உறைக்கவே இல்லை. எழுதிய பெயரை ஒருவர் 'வேறொருவர் பெயர்' என்றதுதான் பொறுக்கவில்லை. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட எளியவன் நான்தான் என்று வந்தவர் மெல்லச் சொன்னபோது, அப்பூதியார் கண்ணீர் பெருக அவர் காலில் விழுந்தார்.

அதன்பின் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. விருந்துக்கு இலை அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியது. அவன் இலையைத் தாய் கையில் சேர்த்துவிட்டுச் சாய்ந்தான். பெற்றோர் உடலை மறைத்து வைத்துவிட்டு விருந்தினரை உண்ண அழைத்தார்கள். திருநீறு தருவதற்காக மூத்த பிள்ளை எங்கே என்று அவர் கேட்டதும், இப்போது அவன் உதவ மாட்டான் என்ற அளவில் அப்பூதியார் விடை சொன்னார். அந்த மறுமொழியின் கனத்தை இன்று படிப்பவராலும் தாங்க முடிவதில்லை. உண்மை வெளிப்பட்டு, நாவுக்கரசர் பதிகம் பாடிப் பிள்ளை உயிர்பெற்று எழுந்தபோது, மகன் பிழைத்த மகிழ்ச்சியைவிட, இத்தனை நேரம் அடியார் அமுது செய்யாமல் இருக்க நேர்ந்ததே என்ற வருத்தம்தான் அவர்களிடம் மேலோங்கி நின்றது என்கிறார் சேக்கிழார்.

சில நாள் அங்கே தங்கியபின் நாவுக்கரசர் மீண்டும் திருப்பழனத்துக்குச் சென்று பதிகம் பாடினார். அதன் நிறைவுப் பாடலில் அப்பூதி என்ற பெயரை அவரே வைத்தார். பந்தலும் படியும் தராசும் இன்று இல்லை. அந்தப் பெயரைத் திருப்பழனத்துப் பதிகம் பாடும் ஓதுவார்கள் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.